எந்த வாசல் என்று தெரிந்துகொண்டு போங்கள்

ஜெர்மனியில் மாவட்ட அலுவலகம் அலையவிடுகிறது என்று யார் புலம்பினாலும், "எந்த அலுவலகத்துக்கு விண்ணப்பம் போட்டீர்கள்?" என்றுதான் முதலில் கேட்கிறேன். விசாரித்துப் பார்த்தால், பலர் சம்பந்தமில்லாத வாசலில் காத்திருந்திருப்பார்கள். கூடப்பிறந்த தங்கையின் கல்யாணத்துக்கு மதுரை போக முடியாமல் நான் இங்கேயே கிடந்ததும் அப்படித்தான். ஆனால் என் விண்ணப்பத்தை இடம் மாற்றிப் போட்டது நானல்ல, அந்த ஒரு வேலைக்காகவே கட்டணம் வாங்கிய ரீலொகேஷன் ஏஜென்சி. பெயர் வேண்டாம். கோபம் மட்டும் இன்னும் ஆறவில்லை.

நம்மூரில் கலெக்டர் ஆபீஸ் என்றால், மாவட்டத்தின் எந்த மூலையில் இருந்தாலும் திங்கட்கிழமை மனுவோடு போய் நிற்கலாம். உரிய துறைக்கு அனுப்பிவைப்பது அவர்கள் பாடு. அந்தப் பழக்கத்தோடுதான் நாம் இங்கே வந்து இறங்குகிறோம். இங்கேயும் மாவட்ட அலுவலகம் உண்டு, லாண்ட்ராட்ஸாம்ட் என்பார்கள். அதன் தலைவரான லாண்ட்ராட், கலெக்டரைப் போல அரசு நியமித்து அனுப்புகிறவர் அல்ல. பவேரியாவில் மக்களே 6 ஆண்டுகளுக்கு ஒருமுறை நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நாங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டெம்பர்க்கில் மாவட்ட மன்றம் 8 ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறது. குப்பை, பஸ், தொழிற்கல்விப் பள்ளி இவையெல்லாம் மாவட்டத்தின் சொந்தப் பொறுப்பு. வெளிநாட்டவர் தங்கும் அனுமதி போன்றவற்றில் அதே அலுவலகம் மாநில அரசின் கிளையாக வேலை செய்கிறது. 2005இல் நடந்த நிர்வாகச் சீரமைப்புக்குப் பிறகு எங்கள் மாநிலத்தில் வனம், வேளாண்மை, நில அளவை, சாலை எல்லாம்கூட இதன் கீழேதான்.

நாடு முழுக்க 294 மாவட்டங்கள். எந்த மாவட்டத்திலும் சேராத தனி நகரங்கள் 106. ஸ்டுட்கார்ட் அப்படி ஒன்று. அங்கே குடியிருந்தால் எல்லாவற்றுக்கும் மாநகராட்சிதான், குழப்பமே இல்லை.

மாவட்டத்துக்குள் குடியிருப்பவர்களுக்குத்தான் சிக்கல். எங்கள் மாநிலத்தில் 20,000 பேருக்கு மேல் வாழும் ஊர் 'பெரிய மாவட்ட நகரம்' என்ற தகுதியைக் கேட்டுப் பெறலாம். பெற்றுவிட்டால், மாவட்டத்துக்குள் இருந்துகொண்டே வெளிநாட்டவர் பிரிவைத் தன் நகராட்சியிலேயே வைத்துக்கொள்ளும். பக்கத்துச் சிற்றூரில் இருப்பவருக்கு அதே வேலை லாண்ட்ராட்ஸாம்ட்டில் நடக்கும். இரண்டு ஊர்க் கார்களும் ஒரே நம்பர் பிளேட் எழுத்துகளோடு ஓடும், ஒரே பஸ் இரண்டு ஊரிலும் நிற்கும். யாருக்குத் தெரியும் நடுவில் ஒரு எல்லை இருப்பது?

வாடகை குறைவென்று அப்படியொரு நகரத்திலிருந்து பக்கத்துச் சிற்றூருக்குக் குடிமாறினோம். இரண்டு வாரத்துக்குள் புது ஊரின் நிர்வாக அலுவலகமான ராத்ஹவுஸில் முகவரி பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளோடு போய்ப் பதிந்தோம். அன்றோடு என் கோப்பு லாண்ட்ராட்ஸாம்ட்டின் பொறுப்பு. கணவருக்குப் புளூ கார்டு. நான் குடும்ப விசாவில் வந்து, வேலைக்கும் போய்க்கொண்டிருந்தேன். உங்கள் வீட்டிலும் இதே ஏற்பாடுதான் இருக்கும். என் தங்கும் அனுமதி அட்டை முடிகிற தேதி நெருங்கியது. கணவரின் கம்பெனி அமர்த்திய ஏஜென்சியே நீட்டிப்பைப் பார்த்துக்கொள்ளும் என்றார்கள். புது முகவரியை எழுத்திலேயே கொடுத்திருந்தேன். அவர்கள் பழைய படிவத்தில் முகவரி வரியை மட்டும் மாற்றி, பழைய நகரத்துக்கே அனுப்பிவிட்டார்கள். அது அங்கே கிடந்து, பிறகு லாண்ட்ராட்ஸாம்ட்டுக்கு வந்து சேர்ந்தபோது என் அட்டையின் தேதி தாண்டியிருந்தது.

தேதிக்கு முன்னால் உரிய இடத்தில் சேர்ந்திருந்தால் சட்டமே என்னைக் காப்பாற்றியிருக்கும். குடியிருப்புச் சட்டத்தின் 81ஆவது பிரிவுப்படி, அனுமதி முடிவதற்குள் நீட்டிப்புக் கேட்டவருக்கு, பதில் வரும்வரை பழைய அனுமதி வேலை உரிமையோடு தொடரும். எனக்கு அது இல்லை. செல்லும் அனுமதியின் நகல் இல்லாமல் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்றார் முதலாளி. அவரைக் குறை சொல்ல மாட்டேன், சட்டம் அவரையும் பிடிக்கும். சம்பளம் நின்றது. ஊருக்குப் போனால் புது விசா இல்லாமல் திரும்ப முடியாது. தங்கை கழுத்தில் தாலி ஏறியதை நான் போனில் பார்த்தேன். "அலுவலகம் தாமதம் செய்துவிட்டது" என்று ஏஜென்சி ஒரு வரி எழுதி அனுப்பியது. அந்த ஒரு வரிக்காகத்தான் இதையெல்லாம் எழுதுகிறேன்.

ஏனென்றால் என்னைக் கரையேற்றியது லாண்ட்ராட்ஸாம்ட்தான். நானே ஜெர்மனில் ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். முகவரிப் பதிவுச் சான்று, ஏஜென்சிக்கு நான் அனுப்பிய மின்னஞ்சல், சம்பளச் சீட்டு எல்லாவற்றையும் இணைத்து அலுவலகத் தபால் பெட்டியிலேயே போட்டேன். விண்ணப்பம் பிந்தினாலும், நியாயமற்ற துன்பத்தைத் தவிர்ப்பதற்காகப் பழைய அனுமதி தொடர்வதாக அலுவலகம் உத்தரவிடலாம் என்று அதே 81ஆவது பிரிவு சொல்கிறது. அதைக் குறிப்பிட்டுக் கேட்டேன். கோப்பைக் கவனித்த அம்மையார் படித்துப் பார்த்து இடைக்காலச் சான்று கொடுத்தார். இந்த அதிகாரிகள் சிரித்துப் பேசுவதில்லை என்கிறார்கள். சிரிப்பு எதற்கு? முழுதாகப் படித்தாரே, அது போதாதா? அந்தச் சான்றில் மூன்று கட்டங்கள் இருக்கும். மூன்றாவதில் குறியிட்டிருந்தால்தான் பழைய அனுமதி தொடர்கிறது என்று பொருள், வெளிநாடு போய்த் திரும்பவும் முடியும். கையில் வாங்கும்போதே பாருங்கள்.

நம் ஆட்களுக்கென்றே இன்னொரு தொல்லை உண்டு. பல அலுவலகங்களில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் கோப்பைப் பிரிக்கிறார்கள். என் பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் என் அப்பா பெயர், கணவருடையதில் அவர் அப்பா பெயர், பிள்ளைக்குக் கணவரின் பெயர். ஒரே வீட்டில் மூன்று எழுத்து, மூன்று அதிகாரிகள். அதனால் ஒவ்வொரு கடிதத்தின் தலையிலும் மூவரின் பிறந்த தேதியையும் கோப்பு எண்ணையும் சேர்த்தே எழுதுகிறேன். திருமணச் சான்றின் மொழிபெயர்ப்பை ஒவ்வொரு முறையும் இணைக்கிறேன். வீண் தாள் என்று யாரும் இதுவரை திருப்பித் தரவில்லை.

லாண்ட்ராட்ஸாம்ட்டில் மற்ற வேலைகள் அவ்வளவு கடினமில்லை. கார் பதிய இன்ஷூரன்ஸ் கொடுக்கும் குறியீட்டு எண், வண்டியின் இரண்டு பகுதிச் சான்று, வரிக்கு வங்கிக் கணக்கு எண் ஆகியவை முக்கியமாக வேண்டும். நம்பர் பிளேட் அடித்துக் கொடுக்கும் கடை பெரும்பாலும் அலுவலகத்தின் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பதற்கு முன் நடக்கும் மருத்துவப் பரிசோதனைக்குச் சுகாதாரப் பிரிவே கடிதம் போடும். ஓட்டுநர் உரிமத்தில் மட்டும் அசட்டையாக இருக்காதீர்கள். இங்கே குடியேறியதிலிருந்து 6 மாதம்தான் இந்திய உரிமம் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, வண்டி ஓட்டிக் காட்டும் தேர்வு இரண்டிலும் தேறியே ஆக வேண்டும். எழுத்துத் தேர்வை ஜெர்மன் தவிர 12 மொழிகளில் எழுதலாம். ஆங்கிலம் உண்டு, தமிழ் இல்லை.

போனில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஆனால் போனில் கேட்டதை நம்பி உட்காராதீர்கள். தேதியிட்ட எழுத்துக்குத்தான் இங்கே மதிப்பு. வாட்ஸ்அப் குழுவில் "எனக்கு நேரில் போனதும் முடிந்துவிட்டது" என்று எழுதுகிறவர் வேறு மாவட்டத்துக்காரராக இருப்பார், அவர் அனுபவம் உங்களுக்கு உதவாது. விண்ணப்பம் போட்டு 3 மாதம் தாண்டியும் தகுந்த காரணமின்றி முடிவு வராவிட்டால் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. எனக்கு அது தேவைப்படவில்லை. முழுமையான தாள்களோடு உரிய மேசைக்குப் போன விண்ணப்பத்தை எங்கள் அலுவலகம் ஒருமுறைகூட இழுத்தடித்ததில்லை.

வீடு மாறியிருந்தால் புது ஊர் ராத்ஹவுஸில் முகவரி பதியும்போதே, "வெளிநாட்டவர் பிரிவு உங்களிடமா, லாண்ட்ராட்ஸாம்ட்டிலா?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏஜென்சி வைத்திருப்பவர்கள், அது அனுப்பிய கடிதத்தின் நகலையும் அலுவலகம் கொடுத்த ஒப்புகையையும் அட்டை முடிவதற்கு முன்பே கேளுங்கள். தரத் தயங்கினால் அந்த ஏஜென்சியை விட்டுவிட்டு நீங்களே எழுதுங்கள்.