அறளை பெயர்ந்தவர் அலைவது ஏன்?

முதுமையில் நினைவு குழம்பியவரை ‘அறளை பெயர்ந்தவர்’ என்கிறோம். இது முதுமையின் இயல்பன்று. மூளையைத் தாக்கும் நோய். இதன் முக்கிய வகையை 1906 இல் ஜேர்மன் வைத்தியர் அலோய்ஸ் அல்சைமர் விளக்கினார்.

பிள்ளைகள் கடல்கடந்த பின் கைதடி போன்ற இடங்களிலுள்ள முதியோர் இல்லங்களில் வாழும் பெற்றோர் உளர். “அப்பு இரவில் எழுந்து நடக்கிறார், விழுகிறார், கட்டிலோடு கட்டிவைத்தால் என்ன?” என்று கேட்போரும் உண்டு.

கூடாது. கட்டப்பட்டவர் திமிறிக் காயமடைவார். அசையாத கால்கள் மேலும் வலுவிழக்கும். தூக்கமருந்தும் தள்ளாட்டத்தைக் கூட்டும்.

அலைச்சலுக்குக் காரணம் உண்டு: சிறுநீர், பசி, நோவு, பழைய பழக்கம். விடியுமுன் வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைத்தவர் அந்நேரம் படலையைத் தேடுவார். இதை இல்லத்தாருக்குச் சொல்லவேண்டியவர் பிள்ளையே.

கவனிக்க வேண்டியவை:

1. படுக்குமுன் மலசலகூடம், அவ்வழியில் இரவு முழுதும் வெளிச்சம்.
2. தாழ்ந்த கட்டில், வழுக்காத செருப்பு.
3. கிணற்றுக்குக் கட்டும் மூடியும்.
4. சட்டைப்பையில் பெயரும் தொலைபேசி இலக்கமும்.
5. விழுந்தவரை உடனே இழுத்துத் தூக்காது காயம் பார்த்தல். தலையில் அடிபட்டால் வைத்தியசாலை.

எல்லா விழுகையையும் தடுக்க இயலாது, குறைக்கலாம். பெற்றோரைப் புறக்கணித்தல் ஆகாது என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம். இல்லத்தில் சேர்த்ததோடு பிள்ளையின் கடமை தீர்வதில்லை.