10,080 எண்களால் வகுபடும் எண்

கேள்வி: ராமானுஜன் 1915-இல் வெளியிட்ட பட்டியலின் கடைசி எண்ணான 67,46,32,83,88,800-ஐ 10,080 எண்கள் மீதியில்லாமல் வகுக்குமாம். அவ்வளவு பெரிய எண் என்பதால்தானே?
- வாசகர், தளவாய்புரம்

பதில்: நல்ல கேள்வி. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் எண்ணின் பருமன் காரணமல்ல. உங்கள் ஊரில் தைக்கும் நைட்டிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 60 நைட்டிகளை இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு என்று பல விதமாக மிச்சமில்லாமல் கட்டுப் போடலாம். இன்னொன்று சேர்ந்து 61 ஆனால் போச்சு! தனித்தனியாக வைக்கலாம், இல்லாவிட்டால் எல்லாம் ஒரே கட்டு. 61 ஒரு பகா எண். அதாவது 1-ஆலும் தன்னாலும் மட்டுமே வகுபடும்.

எண்ணைப் பகா எண்களின் பெருக்கலாகப் பிரித்தால் சூட்சுமம் புரியும். 60 = 2 × 2 × 3 × 5. ஒரு பகா எண் எத்தனை முறை வருகிறதோ அது அதன் அடுக்கு. 60-இன் காரணி ஒன்றில், அதாவது மீதியின்றி வகுக்கும் எண்ணில், 2 வராமலே இருக்கலாம், ஒரு முறை வரலாம், இரு முறையும் வரலாம். ஆக மூன்று வழி. 3-க்கும் 5-க்கும் இரண்டிரண்டு வழி. 3 × 2 × 2 = 12 காரணிகள்.

நீங்கள் கேட்ட எண்ணில் 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5-ம் 7-ம் இருமுறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. ஒவ்வோர் அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10,080. ஒரு வாரத்துக்கு எத்தனை நிமிடமோ அத்தனை காரணிகள்!

வெவ்வேறு பகா எண்களை அள்ளிப் போட்டால் போதாதா? போதாது. 2 முதல் 37 வரையுள்ள 12 பகா எண்களைப் பெருக்கினால் 74,20,73,81,34,810. ராமானுஜனின் எண்ணைவிடப் பெரிது. காரணிகளோ 4,096 தான். இதில் 29, 31, 37 மூன்றும் சேர்ந்து எண்ணை 33,263 மடங்கு ஊதவைத்து, காரணிகளை 8 மடங்கு மட்டுமே கூட்டுகின்றன. அவற்றுக்குப் பதில் ஐந்து 2, மூன்று 3, ஒரு 5, ஒரு 7 கூடுதலாகச் சேர்ந்ததுதான் ராமானுஜனின் எண். எண் 30,240 மடங்குதான் பெருகுகிறது. காரணிகள் ஏறக்குறைய 20 மடங்கு.

தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும் காரணிக் கணக்கில் மிஞ்சுவது உயர்பகு எண். அதில் பகா எண் பெரிதாகும்போது அடுக்கு ஏறாது. கடைசிப் பகா எண் ஒரு முறைதான் வரும், 4-ம் 36-ம் மட்டும் விலக்கு. இதையெல்லாம் நிறுவிய கட்டுரைக்காகவே 1916-இல் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் அளித்தது. கணினி இல்லாத காலத்தில் அவர் தந்த 102 உயர்பகு எண்களின் பட்டியலில் விடுபட்டது ஒன்றே ஒன்று: 2,93,31,86,25,600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள், நீங்கள் கேட்ட எண்ணே வரும்.

60-க்கு அடுத்த உயர்பகு எண் 120. அதன் 16 காரணிகளையும் நீங்களே ஒரு தாளில் எழுதிப் பாருங்கள்.