காணாத பொருளும் கடவுள் நம்பிக்கையும்

"கண்ணால் காணாததை நம்புவது மூடத்தனம்" என்று கூறுவோர் உளர். ஆனால் வானியலறிஞரே இன்று காணாத ஒரு பொருளைப் பற்றிப் பேசுகின்றனர். அதனைக் கரும்பொருள் என்பர். பிள்ளைகள் இதுபற்றி வினவினால் பெற்றார் என்ன விடை கூறுவது?

நமது பால்வெளி மண்டலத்தைச் சுற்றி மங்கலான குறுமண்டலங்கள் பல உள்ளன. 1954-ம் ஆண்டு கண்டறியப்பட்ட திராக்கோ அவற்றுள் ஒன்று. வடவானில், ஏறக்குறைய 2,50,000 ஒளியாண்டுத் தொலைவில் அது உள்ளது. பால்வெளியில் பத்தாயிரம் கோடிக்கு மேற்பட்ட நட்சத்திரங்கள் இருக்க, திராக்கோ முழுவதும் தரும் ஒளியோ சில இலட்சம் சூரியன்களின் ஒளியே.

கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும் சிறுவனை எண்ணுங்கள். வேகம் கூடக்கூடக் கயிறும் உறுதியாக இருக்கவேண்டும். இல்லையேல் கல் பறந்துவிடும். மண்டலங்களில் ஈர்ப்புவிசையே அந்தக் கயிறு. அதைத் தருவது திணிவு.

திராக்கோவில் காணப்படும் நட்சத்திரங்களின் திணிவு மட்டுமே உண்டெனில், அவற்றின் வேகங்கள் செக்கனுக்கு 1 அல்லது 2 கிலோமீற்றர் அளவே வேறுபடலாம். 1983-ல் அமெரிக்க அறிஞர் மார்க் ஆரன்சன் அங்குள்ள 3 நட்சத்திரங்களை அளந்தார். வேறுபாடு எதிர்பார்த்ததிலும் மிகுதியாயிருந்தது. பின்னர் நூற்றுக்கணக்கான நட்சத்திரங்களை அளந்தபோது அது ஏறக்குறைய 9 கிலோமீற்றர் எனத் தெளிவாயிற்று. எனவே, காணும் திணிவைப்போல் பல பத்து மடங்கு காணாத திணிவு அங்கே இருக்கவேண்டும் என்பது பெரும்பாலான அறிஞரின் முடிவு. ஈர்ப்பு விதியையே திருத்தவேண்டும் என்போரும் உளர்.

குறுமண்டலங்களில் வாயுவும் புதிய நட்சத்திரங்களும் மிக அரிது. ஆதலால் ஆய்வுக்கு இடையூறு குறைவு. 2008-ல் ஏவப்பட்ட ஃபேர்மி விண்தொலைகாட்டி, கரும்பொருள் துகள்கள் அழிவதால் எழக்கூடிய காமாக் கதிர்களை அங்கே தேடியது. உறுதியான சான்று இன்னும் கிடைக்கவில்லை.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கை கொள்ளவேண்டும். "விஞ்ஞானம் அறியாதது கடவுளே" என்று சிலர் அவசரப்படுகின்றனர். அது தவறு. நாளை அத்துகள் கண்டுபிடிக்கப்பட்டால், அத்தகைய நம்பிக்கை என்னாகும்? அண்டம் விரிகின்றது என 1927-ல் எழுதிய ஜோர்ஜ் லெமைத்ர் ஒரு கத்தோலிக்கக் குரு. அவரே தமது கொள்கையைச் சமயச் சான்றாகக் காட்டுவதை விரும்பவில்லை.

கரும்பொருள் கடவுளல்ல, இருப்பின், அதுவும் அவரது படைப்பே. அதை அளவுகோலால் தேடுகின்றோம். கடவுளையோ செபத்தாலும் அன்பாலும் அறிகின்றோம். ஆகவே பெற்றோரே, பிள்ளைகளின் கேள்விகளுக்கு அஞ்சாதீர்கள். உண்மையைத் தேடும் பிள்ளை இறைவனை விட்டு விலகிச் செல்வதில்லை.