கண்டதும் கேட்டதும்: கெய்ஜி நகஸவாவின் படக்கதைகளில் சாட்சியமும் புனைவும்

முன்னுரை

படக்கதையைச் சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு எனக் கருதும் போக்கு இலக்கிய ஆய்வுலகில் இன்றும் நிலவுகிறது. ஹிரோஷிமா அணுகுண்டுத் தாக்குதலில் உயிர்பிழைத்த ஜப்பானியப் படக்கதையாளர் கெய்ஜி நகஸவாவின் (1939–2012) படைப்புகள் அக்கருத்தை மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றன. எழுத்தும் ஓவியமும் ஒருவரிடமே அமைந்த இவர்தம் படைப்புகளில், கண்ட செய்தியும் கேட்ட செய்தியும் கையாளப்படும் முறையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வாழ்வும் தொழிலும்

1945 ஆகஸ்டு 6 காலையில், ஆறு வயதினரான நகஸவா தம் பள்ளி வாயிலருகே நின்றிருந்தார். பள்ளிச்சுவர் அவரை வெப்பக்கதிரிலிருந்து காத்தது. தந்தை, தமக்கை, தம்பி ஆகிய மூவரும் இடிந்த வீட்டினுள் சிக்கி மாண்டனர். தாய் அன்றே பெண்மகவொன்றை ஈன்றார். அம்மகவும் சில மாதங்களில் இறந்தது.

ஒசாமு தெசுகாவின் படக்கதைகளால் ஈர்க்கப்பட்ட நகஸவா, பள்ளிப்படிப்பிற்குப்பின் விளம்பரப்பலகை எழுதும் தொழில் செய்து, 1961இல் டோக்கியோ சென்றார். தொடக்கத்தில் அவர் வரைந்தவற்றில் அணுகுண்டு இடம்பெறவில்லை. 1966இல் தாய் மறைந்தார். எரியூட்டியபின் எடுத்துவைக்க எலும்பும் எஞ்சவில்லை. கதிர்வீச்சு அதனையும் அரித்துவிட்டதென நகஸவா கருதினார். இச்சினமே அவரைப் பேசவைத்தது. ‘கருமழையில் நனைந்து’ என்னும் பொருளுடைய படக்கதையை முன்னணி இதழ்கள் ஏற்காமையால், அது 1968இல் ‘மங்கா பஞ்ச்’ என்னும் ஆடவர் இதழில் வெளிவந்தது.

இரு பனுவல்கள்

1972இல் வெளிவந்த ‘ஒரே வா மிதா’ (நான் கண்டேன்) தன்வரலாறாகும். 1973இல் ‘ஷோனென் ஜம்ப்’ வார இதழில் தொடங்கிய ‘ஹதாஷி நோ கென்’ (வெறுங்கால் கென்) அவ்வாழ்வினின்று கிளைத்த நெடும் புனைவாகும். இரண்டிற்கும் இடையே ஒரு முதன்மையான வேறுபாடு உண்டு. தந்தை முதலானோர் மாண்டபோது நகஸவா அங்கு இல்லை. தாய் கூறவே அறிந்தார். தன்வரலாற்றிலும் அது கேட்ட செய்தியாகவே அமைகிறது. புனைவிலோ சிறுவன் கென் அவ்விடத்தில் நிற்கிறான். உத்தரத்தைத் தூக்க முயல்கிறான். தீ நெருங்குவதைக் காண்கிறான்.

இம்மாற்றம் சாட்சியத்தைக் குறைக்கிறதா என்னும் வினா எழுகிறது. வரலாற்று ஆவணமாக மட்டும் நோக்கின், இவ்விடத்தை நேர்சான்றாகக் கொள்ளுதல் பிழையாகும். ஆயினும், அக்காட்சியைக் கண்டவர் ஒருவர் உண்டு, அவர் தாய். அவர்தம் எலும்பும் எஞ்சாத நிலையில், அவர் கண்டதை மகன் தன் பாத்திரத்தின் கண்ணுக்கு மாற்றுகிறான். ஆகவே இது சாட்சியத்தைத் திரித்தலன்று. சாட்சியத்தை மரபுரிமையாக ஏற்றல் எனலாம். படக்கதை வடிவமும் இதற்குத் துணைநிற்கிறது. ‘தாய் கூறினார்’ என எழுத்து இடைவெளியை நிறுவமுடியும். வரையப்பட்ட கட்டமோ வாசகரைக் காட்சியின் முன் நிறுத்திவிடுகிறது.

இவ்வாற்றலே எதிர்ப்பையும் தோற்றுவித்தது. 2012 டிசம்பரில் மட்சுவே நகரக் கல்விவாரியம், கொடுங்காட்சிகளைக் காரணங்காட்டி, பள்ளி நூலகங்களில் இந்நூலை மாணவர் தடையின்றி எடுத்துப் படிக்க இயலாதவாறு கட்டுப்படுத்துமாறு கோரியது. கண்டனம் எழவே 2013 ஆகஸ்டில் அக்கோரிக்கை விலக்கிக்கொள்ளப்பட்டது.

முடிவுரை

நகஸவாவின் தொழில்வாழ்வு, மௌனத்திலிருந்து தன்வரலாற்றிற்கும், அதிலிருந்து புனைவிற்கும் நகர்ந்துள்ளது. தாம் கண்டதைத் தன்வரலாறாகவும், தாய் கண்டதைப் புனைவாகவும் அவர் நிலைநிறுத்தியுள்ளார். சாட்சிய இலக்கியத்தை ஆராய்வோர், ‘நிகழ்ந்ததா’ என்பதோடு நில்லாமல், ‘யார் கண்டது, யார் கண்வழிக் காட்டப்படுகிறது’ என்றும் வினவுதல் வேண்டும் என்பது இவ்வாய்வால் பெறப்படுகிறது.