எந்தப் பரப்புக்கு எந்த ஷேடர்?

ப்ளெண்டரில் ஒரு பொருளுக்குப் புதிதாக மெட்டீரியல் கொடுத்தால் பிரின்சிபிள்ட் ஷேடர் தானாக வந்து நிற்கும். பாதிப் பேர் அதைத் தாண்டிப் போவதே இல்லை. மீதிப் பேர் நாலு வீடியோ பார்த்துவிட்டு டிஃப்யூஸ், கிளாஸி, டிரான்ஸ்லூசென்ட், ஃப்ரெனெல் என்று பத்து நோடுகளைக் கோத்து வைத்திருப்பார்கள். ஒரு வாரம் கழித்து எந்த வயர் எதற்கு என்று அவர்களுக்கே தெரியாது. என்னைக் கேட்டால் முதல் கூட்டத்தின் பக்கம்தான் நிற்பேன். ஆனால் சில பரப்புகள் இருக்கின்றன, அந்த ஒரே ஷேடரை எவ்வளவு திருகினாலும் பிடி கொடுக்காதவை. எப்போது அதிலேயே இருக்கலாம், எப்போது வெளியே வர வேண்டும் என்பதைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம்.

மரம், கல், துணி என்று பொருளின் பெயரை வைத்து ஷேடர் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும். ஒளி வந்து விழுந்தபின் எங்கே போகிறது என்று கேளுங்கள். பரப்பில் பட்டதுமே திரும்புகிறதா? சற்று உள்ளே போய், நிறம் ஏறி, விழுந்த இடத்திலேயே வெளியே வருகிறதா? உள்ளே அலைந்துவிட்டு வேறோர் இடத்தில் வருகிறதா? இல்லை, மறுபக்கம் போய்விடுகிறதா? ஒரு திசையிலிருந்து வரும் ஒளியில் எவ்வளவு எந்தத் திசைக்குப் போகிறது என்பதைச் சொல்லும் சார்பை ஃப்ரெட் நிக்கோடெமஸ் 1965-இல் வரையறுத்தார். ரெண்டர் மென்பொருளில் நாம் தொடும் ஸ்லைடர்களில் பெரும்பாலானவை அந்தச் சார்பின் ஏதோ ஒரு முனையைத்தான் இழுக்கின்றன.

பிரின்சிபிள்ட் ஷேடரின் மூலம் டிஸ்னி ஸ்டுடியோ. ‘ரெக்-இட் ரால்ஃப்’ படத்துக்காக உருவாக்கியதை 2012-இல் பிரென்ட் பர்லி வெளியிட்டார். ஒரு நிறம், அதனுடன் பத்து எண்கள், அவ்வளவுதான். இயற்பியல் சமன்பாட்டில் உள்ள அளவுகளை அப்படியே கலைஞர் தலையில் கட்டாமல், கைக்குப் பழகும் அளவுகளாக மாற்றி, பெரும்பாலும் 0 முதல் 1 வரைக்குள் வைத்து, எப்படிக் கலந்தாலும் நம்பும்படியான பரப்பே வர வேண்டும் என்று அமைத்தார்கள். 2017-இல் ப்ளெண்டர் 2.79 இதை எடுத்துக்கொண்டது. 2023-இல் வந்த 4.0 பதிப்பில் உள்ளமைப்பையே மாற்றினார்கள். 4.0-க்கு முந்தைய கோப்பைத் திறக்கும்போது பளபளப்பு லேசாக மாறித் தெரிந்தால் பதற வேண்டாம், அதுதான் காரணம்.

பித்தளைக் குத்துவிளக்கை எடுத்துக்கொள்வோம். உலோகத்துக்குள் ஒளி அதிகம் போவதில்லை. போன கொஞ்சமும் அங்கேயே அழிந்துவிடும். அதனால் பித்தளையின் மஞ்சள் முழுக்க எதிரொளியின் மஞ்சள். மெட்டாலிக் 1, நிறம் மஞ்சள், வேலை முடிந்தது. மெட்டாலிக்கை 0.5-இல் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பாதி உலோகம் என்று ஒரு பொருள் கிடையாது. விளக்கின் மடிப்புகளில் பச்சை பூத்திருந்தால் அந்தப் பச்சை உலோகமல்ல, அங்கே மெட்டாலிக் 0. இரண்டையும் ஒரு மாஸ்க் வைத்துப் பிரியுங்கள். விளக்கு நிஜம்போல் இல்லையென்றால் ஷேடரை மாற்றுவதற்கு முன் ரஃப்னெஸைப் பாருங்கள். புளி போட்டுத் துலக்கிய இடம், விரல் பட்ட இடம், எண்ணெய் வழிந்த இடம் என்று ஒரே விளக்கில் மூன்று நாலு சொரசொரப்பு இருக்கும். அதை ஒரே எண்ணில் அடக்கினால் எந்த ஷேடரும் காப்பாற்றாது.

கிளாஸி நோடைத் தனியாக எடுத்தால் அதில் பெக்மனா, ஜிஜிஎக்ஸா என்று ஒரு கேள்வி வரும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கண்ணாடித் துண்டுகளால் ஆனது பரப்பு என்று இரண்டுமே கொள்கின்றன. அந்தத் துண்டுகள் எப்படிச் சாய்ந்து கிடக்கின்றன என்பதில்தான் வேறுபாடு. பெக்மனில் ஒளிப்புள்ளி சட்டென்று முடிந்துவிடும். ஜிஜிஎக்ஸில் நடுவில் கூர்மையாகவும் சுற்றிலும் நீண்ட புகைபோலவும் படரும், நிஜப் பரப்புகள் பலவற்றில் இருப்பதைப்போல. இதை 2007-இல் வால்ட்டரும் உடனிருந்தவர்களும் கொண்டுவந்தார்கள். அதே சூத்திரத்தை ட்ரோபிரிட்ஜ், ரைட்ஸ் என்ற இருவர் ஒளியியலில் 1975-இலேயே எழுதி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. ஜிஜிஎக்ஸையே எடுங்கள். ஃபாங், பிளின் போன்ற பழைய மாதிரிகளெல்லாம் பழைய கேம்களின் பிளாஸ்டிக் முகம் வேண்டுமென்றால் மட்டும்.

பளபளப்பே இல்லாத பரப்பு எளிது என்று நினைக்கிறோம். லாம்பெர்ட் 1760-இல் சொன்ன விதிப்படி ஒளி எல்லாப் பக்கமும் சமப் பிரகாசமாகத் தெரியும். ஆனால் முழு நிலவைப் பாருங்கள்: லாம்பெர்ட் சரியென்றால் விளிம்பு நோக்கி இருள வேண்டும். அப்படி இருள்வதில்லை, தட்டுபோல் தட்டையாகத் தெரிகிறது. மேடுபள்ளமான பரப்பு, ஒளி வந்த திசைக்கே கூடுதலாகத் திருப்பி அனுப்புகிறது. இதை ஓரெனும் ஷ்ரீ நாயரும் 1994-இல் மாதிரியாக்கினார்கள். சுட்ட மண்பானை, சுண்ணாம்பு அடித்த சுவர், செம்மண் தரை ஆகியவற்றுக்கு அதுதான். ப்ளெண்டரின் டிஃப்யூஸ் நோடில் ரஃப்னெஸை 0-க்கு மேல் ஏற்றினாலே ஓரென்-நாயர் வந்துவிடும். அண்மைப் பதிப்புகளில் பிரின்சிபிள்ட் உள்ளேயே அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். சுவருக்கு நிறம் வைக்கும்போது இன்னொன்று: வெள்ளை என்றால் 1 அல்ல. நல்ல வெள்ளைச் சுவருக்கு 0.8 போதும். 1 வைத்தால் ஒளி குறையாமல் அறைக்குள் சுற்றிக்கொண்டே இருக்கும், படம் வெளிறிப்போகும்.

எண்ணெய்க் காப்பிட்ட கருங்கல் சிலைக்கு அடியில் சொரசொரப்பான கல், மேலே வழுவழுப்பான படலம். கோட் என்ற அளவு இதற்கே இருக்கிறது. ஆனால் கல்லில் எண்ணெய் ஊறினால் கல் கறுக்கும், பல ரெண்டரர்களில் அது தானாக நடக்காது. அடிப்படை நிறத்தை நாமே குறைக்க வேண்டும். ஆட்டோடெஸ்க்கும் அடோபியும் சேர்ந்து உருவாக்கிய ஓப்பன்-பி.பி.ஆர். என்ற பொது மாதிரியில் இந்தக் கறுப்புக்கென்றே ஓர் அளவு இருக்கிறது. ஒரு மெட்டீரியலைப் பல மென்பொருள்களுக்கு இடையில் கொண்டுபோகிறவர்கள் அந்தப் பக்கம் நகர்வது நல்லது.

பிரின்சிபிள்ட் திணறத் தொடங்குவது பட்டில்தான். மயில்கழுத்து நிறப் புடவையில் பாவு ஒரு நிறம், ஊடை வேறு நிறம். அசைத்தால் நீலம் பச்சையாகிறது, மடிப்பின் ஒரு பக்கம் ஒன்றும் மறுபக்கம் மற்றொன்றும் தெரிகிறது. பார்க்கும் கோணத்தைப் பொறுத்து நிறம் மாற்றும் ஃப்ரெனெல் குறுக்குவழியை எல்லோரும் முதலில் முயல்வார்கள். தூரத்திலிருந்து பரவாயில்லை, கிட்டே போனால் வண்டின் முதுகுபோல் ஆகிவிடும். காரணம், பட்டின் நிறம் மாறுவது நூல் ஓடும் திசையால். ஃப்ரெனெல் நோடுக்கு அந்தத் திசையே தெரியாது.

செய்ய வேண்டியது இது. இரண்டு கிளாஸி நோடுகள் எடுங்கள். ஒன்றுக்குப் பாவின் நிறம், மற்றதற்கு ஊடையின் நிறம். இரண்டிலும் அனிசோட்ரபியை 0.8 அளவுக்கு ஏற்றுங்கள். ஒன்றின் ரொட்டேஷன் 0, மற்றதில் 0.25, ப்ளெண்டரில் 1 என்பது முழுச் சுற்று, ஆகவே 0.25 என்றால் 90 டிகிரி. டேன்ஜென்ட் நோடை யு.வி. மேப்பில் வைத்து இரண்டுக்கும் கொடுங்கள், யு.வி. கோடுகள் நூலின் போக்கிலேயே இருக்க வேண்டும். பிறகு சரிபாதியாகக் கலந்து, கீழே கொஞ்சம் டிஃப்யூஸ். இப்போது விளக்கை நகர்த்தினால் மடிப்பில் நிறம் ஓடும். ஜரிகைக்குத் தனி மாஸ்க், மெட்டாலிக் 1. கேமரா நூலை எண்ணும் அளவுக்கு நெருங்கினால் மட்டும் நெசவையே ஜியோமெட்ரியாகச் செய்யுங்கள், மற்ற நேரத்தில் அது நேர விரயம். பருத்திக்கு இவ்வளவு வேண்டாம், பிரின்சிபிள்டில் ஷீன் சற்று ஏற்றினால் போதும்.

இதே திசைச் சங்கதிதான் எவர்சில்வர் தட்டிலும். கடைசல் கோடுகள் வட்டமாக ஓடுவதால் ஒளி நடுவிலிருந்து விசிறிபோல் விரிகிறது. பிரின்சிபிள்டே போதும், டேன்ஜென்டை ரேடியலாக மாற்றினால் விசிறி வந்துவிடும்.

ஒளி உள்ளே போய் வரும் பொருள்களில் தடிமனைப் பாருங்கள். வெற்றிலை, திரைச்சீலை, காகித விளக்கு போன்றவை ஒற்றைத் தாளாக மாடல் செய்யப்பட்டிருக்கும். அவற்றுக்கு டிரான்ஸ்லூசென்ட் நோட். மெழுகு, தயிர், பளிங்கு, தோல் ஆகியவற்றுக்குச் சப்சர்ஃபேஸ். அதில் ரேடியஸ் என்பது நிஜ நீளம் என்பதால் மாடல் சரியான அளவில் இல்லையென்றால் எதுவும் சரிவராது. மனித முகம் மெழுகுப் பொம்மைபோல் வந்தால் பெரும்பாலும் முகம் தவறான அளவில் இருக்கிறது என்று பொருள்.

கண்ணாடி டம்ளருக்குக் கிளாஸ் நோட், ஒளிவிலகல் எண் 1.5, தண்ணீருக்கு 1.33. ஜன்னல் கண்ணாடிக்கு அதையே போட்டுவிடாதீர்கள். ப்ளெண்டரின் சைக்கிள்ஸ் ரெண்டரரில் விளக்கை நோக்கிப் போகும் நிழல் கதிர் கிளாஸ் நோடில் நின்றுவிடும், அறை இருண்டு புள்ளி புள்ளியாகும். டிரான்ஸ்பரன்டும் கிளாஸியும் ஃப்ரெனெலால் கலந்தது போதும். அவ்வளவு மெல்லிய கண்ணாடியில் விலகல் கண்ணுக்குத் தெரியாது.

தலைமுடிக்கு வாதமே இல்லை, முடிக்கான தனி ஷேடர்தான். முடி உருளை, ஒளி மேலே பட்டுத் திரும்பும், ஊடுருவிப் போகும், உள்ளே எதிரொளித்தும் வரும். 2003-இல் மார்ஷ்னர் குழு பிரித்துக் காட்டிய இந்த மூன்று வழிகளைப் பரப்புக்கான ஷேடர் அறியாது.

நிஜத்திலேயே அளந்த தரவைப் பயன்படுத்தினால் என்ன? மெர்ல் ஆய்வகத்தின் 2003-ஆம் ஆண்டுத் தொகுப்பில் 100 பொருள்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் முப்பது எம்.பி.க்கு மேல். ஒரு மாதிரி எவ்வளவு சரி என்று ஒப்பிட அற்புதம். பர்லியும் அதைத்தான் செய்தார். ஆனால் திசைக்கேற்ப மாறும் பட்டு அதில் வராது, நிறத்தைக் கொஞ்சம் சிவப்பாக்கு என்று வாடிக்கையாளர் சொன்னால் கையில் பிடிக்க ஸ்லைடரும் இல்லை. வேலைக்கு எடுக்காதீர்கள், ஒப்பிட எடுங்கள்.

இவை எதுவுமே போதாதவர்களுக்குக் கடைசி வழி, தொடக்கத்தில் சொன்ன அந்தச் சார்பைத் தாமே எழுதுவது. ப்ளெண்டரில் ஓ.எஸ்.எல். என்ற ஷேடர் மொழியில் எழுதினால் அது கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். ஓ.எஸ்.எல்.லில் செய்ய முடிவது, ரெண்டரர் ஏற்கெனவே அறிந்த சிதறல்களை நிறம் கொடுத்துக் கூட்டிக் கலப்பது மட்டுமே. புதிய சிதறலுக்கு மிட்சுபா 3 என்ற ரெண்டரர் ஏற்றது. பைத்தானில் ஒரு வகுப்பு எழுதி மூன்று கேள்விகளுக்குப் பதில் தர வேண்டும்: இந்த இரு திசைகளுக்கு மதிப்பு என்ன, அடுத்த கதிரை எந்தத் திசையில் அனுப்பலாம், அந்தத் திசை தேர்வாகும் நிகழ்தகவு என்ன. இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்துப்போகாவிட்டால் படம் அழகாகத்தான் வரும், ஆனால் தவறாக வரும். அதைப் பிடிக்க மிட்சுபாவிலேயே கை-வர்க்கச் சோதனை இருக்கிறது. முதல் ரெண்டருக்கு முன் அதை ஓட்டுங்கள்.

அடுத்தது உலைச் சோதனை. எல்லாத் திசையிலும் ஒரே வெள்ளை ஒளி, நடுவில் ஒளியை உறிஞ்சாத வெள்ளை உருண்டை. சார்பு சரியென்றால் உருண்டை பின்னணியில் மறைந்துவிட வேண்டும். பின்னணியைவிட வெளுத்துத் தெரிந்தால் இல்லாத ஒளியை உருவாக்குகிறீர்கள். கறுத்துத் தெரிந்தால் எங்கோ தொலைக்கிறீர்கள். சாதாரண ஜிஜிஎக்ஸே ரஃப்னெஸ் 1-இல் இப்படித் தொலைக்கும். நுண்துண்டுகளுக்கு இடையில் இரண்டாம் முறை மோதும் ஒளியை அது கணக்கில் எடுப்பதில்லை. ப்ளெண்டரின் கிளாஸியில் மல்டிஸ்கேட்டர் ஜிஜிஎக்ஸ் என்று ஒன்று பட்டியலில் இருப்பது அதற்காகத்தான். சொரசொரப்பான செம்பு, பித்தளைக்கு அதைத் தேர்ந்தால் பொருள் வெளிச்சமாவதோடு நிறமும் அடர்த்தியாகும்.