ஆறு ஸ்டேஷன், ஒரு முதலாளி

ஒரு ரேடியோ ஸ்டேஷனை விற்கும்போது எது கைமாறுகிறது? டவர், டிரான்ஸ்மிட்டர், மிக்ஸர்னு பட்டியல் போடுவீங்க. அதெல்லாம் காசு கொடுத்தால் கிடைக்கும். உண்மையான மதிப்பு லைசென்ஸில்தான் இருக்கு. அமெரிக்காவில் அதைக் கொடுப்பது எஃப்.சி.சி. என்ற அரசு அமைப்பு. ஸ்டேஷன் கைமாறணும்னா அதன் ஒப்புதல் வேணும்.

1996-க்கு முன் ஒரு நிறுவனம் நாடு முழுக்க 20 ஏ.எம்., 20 எஃப்.எம். ஸ்டேஷன்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வருஷம் வந்த தொலைத்தொடர்புச் சட்டம் இந்த வரம்பை நீக்கியது. கிளியர் சேனல் என்ற நிறுவனம் வாங்கி வாங்கி, சில வருஷத்திலேயே சுமார் 1,200 ஸ்டேஷன்களை எட்டியது.

அதில் ஒரு ஊர், வடக்கு டகோட்டா மாநிலத்தின் மைனாட். அப்போது மக்கள்தொகை சுமார் 36,000. கே.சி.ஜே.பி. 910 ஏ.எம். என்ற கன்ட்ரி இசை ஸ்டேஷன் உட்பட, ஊரின் ஆறு வணிக ஸ்டேஷன்களும் கிளியர் சேனல் கைக்குப் போயின. பெயர், அலைவரிசை, பாட்டு எல்லாம் இருக்கும்போது முதலாளி மாறினால் கேட்பவருக்கு என்ன தெரியப்போகுது?

2002 ஜனவரி 18, நள்ளிரவு தாண்டி ஒன்றரை மணி. ஊருக்கு வெளியே சரக்கு ரயில் தடம் புரண்டு, டேங்கர்களிலிருந்து அமோனியா வாயு கசிந்தது. கடுங்குளிர். வாயு மேகம் கலையாமல் தாழ்வாகவே நின்றது. வெளியே வராதீங்கன்னு ஊருக்குச் சொல்லணும். அவசர அறிவிப்புக்கான ஸ்டேஷன் கே.சி.ஜே.பி.தான்.

போலீஸ் போன் செய்தது, யாரும் எடுக்கலைன்னாங்க. உள்ளே ஆள் இருந்தார், பொதுமக்கள் அழைப்புகளால் லைன்தான் நெரிசல் என்றது கம்பெனி. போன் இல்லாமலே ஒலிபரப்பில் குறுக்கிட ஈ.ஏ.எஸ். என்ற கருவி உண்டு. கரகரன்னு மூன்று முறை கேட்கும் அதன் சிக்னல், செமஸ்டருக்குப் படித்து மறந்த அதே எஃப்.எஸ்.கே. (2083 ஹெர்ட்ஸ் என்றால் 1, 1562.5 என்றால் 0.) அந்த இரவு அதுவும் உதவலை. போலீஸ் தரப்பில் அதைச் சரியாக அமைக்கலைங்கறது கம்பெனியின் வாதம். ஒருவர் இறந்தார், 300-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர்.

கம்பெனி சொல்வதையே எடுத்துக்குவோம். அப்பவும் எனக்கு ஒரு விஷயம் இடிக்குது. ஆறு முதலாளிகள் இருந்தால், ஒரு லைன் கிடைக்காதபோது அடுத்த ஸ்டேஷனைக் கூப்பிடலாம். நாம ரிடன்டன்ஸின்னு படிக்கிறது இதைத்தான். டயலில் ஆறு ஸ்டேஷன் தெரிஞ்சாலும், பிளாக் டயகிராம் வரைந்தால் ஆறு கோடும் ஒரே பெட்டிக்குத்தான் போகும். பாதி ராத்திரியில் பாட்டையும் அறிவிப்பாளரின் பதிவு செய்த குரலையும் கம்ப்யூட்டரே வரிசையாகப் போட்டுவிடும் என்பதால், அந்தப் பெட்டிக்கு நிறைய ஆளும் தேவைப்படாது.

சம்பவத்துக்குப் பிறகு, ரேடியோ உரிமை ஒரே கையில் குவிவது பற்றிய விவாதங்களில் மைனாட் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. கிளியர் சேனல் 2014-இல் ஐஹார்ட்மீடியா ஆனது. 2018-இல் கடன் தாங்காமல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. கே.சி.ஜே.பி. அதே 910-இல் தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது.