இடம் மாறினாலும் கடமை மாறாதவர்



கால்பந்தாட்டத்தில் கோல் போட்டவனைத் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, அவனிடம் கொண்டுபோய்ச் சேர்த்தவனை யார் நினைக்கிறார்கள்? அப்படி உழைத்த ஒருவரைப் பற்றி இந்த வாரம் நம் பிள்ளைகளுக்குச் சொல்லுவோம். அவர் அயர்லாந்து தேசத்து நடுக்கள ஆட்டக்காரர் ரோனி வீலன்.

இவர் 1961-ம் ஆண்டு டப்ளின் நகரில் பிறந்தார். இவருடைய தகப்பனாரும் அயர்லாந்துக்காக ஆடியவர். மகன் 1979-ல் இங்கிலாந்தின் லிவர்பூல் கோஷ்டியில் சேர்ந்து, 1981-ல் தமது முதல் லீக் ஆட்டத்திலேயே ஒரு கோல் போட்டார். இடப்பக்கமே அப்போது இவருடைய ஸ்தானம். 1982-ம் ஆண்டு லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இரண்டு கோல்களும், மறு ஆண்டு இறுதி ஆட்டத்தில் வெற்றி கோலும் இவருடையவை.

1987-ல் ஜான் பார்ன்ஸ் என்ற வல்லவர் வந்து, இடப்பக்கத்தில் ஆடத் தொடங்கினார். வீலன் நடுவில் நின்று, பந்தை மீட்டுப் பிறருக்குக் கொடுக்கும் வேலையைச் செய்தார். கோல்கள் குறைந்தன; ஆனால் கோஷ்டிக்கு அவரால் பிரயோஜனம் குறையவில்லை. ஆள் தேவைப்பட்டபோது பின்வரிசையிலும் ஆடினார். அந்தப் பருவத்திலும் லீக் பட்டம் லிவர்பூலுக்கே. 1988-ம் ஆண்டு ஐரோப்பியப் போட்டியில் சோவியத் யூனியனுக்கு எதிராக, உயரத்தில் வந்த பந்தைத் தரையில் விழுமுன் உதைத்து வலைக்குள் செலுத்தினார். தேசத்துக்காக ஆடிய 53 ஆட்டங்களில் அவர் போட்ட கோல்கள் மூன்றே.

1989-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி ஷெபீல்டு நகரின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நெரிசல் உண்டாயிற்று. அதனால் லிவர்பூல் ரசிகர் 97 பேர் மாண்டனர். ஐந்து வாரங்களுக்குப் பின், துக்கம் ஆறாத அந்த நகரத்தின் இரு கோஷ்டிகளும் இங்கிலாந்துக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சந்தித்தன. எவர்ட்டனை 3-2 என வென்ற லிவர்பூலுக்கு அன்று தலைமை தாங்கியவர் வீலன். அமைதியாக உழைத்தவரின் கையில் அந்தப் பாரமான நாளின் பொறுப்பு இருந்தது.

அவரும் தவறாதவர் அல்லர். 1990-ல் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் ஆடியபோது, தம் கோல் காப்பாளருக்குத் திருப்பிய பந்து அவர் தலைக்கு மேலே போய்ச் சொந்த வலையிலேயே விழுந்தது! ஆயினும் ஆட்டத்தில் 2-1 என வெற்றி லிவர்பூலுக்கே. அந்தப் பருவத்தின் பட்டம் அவருக்கு ஆறாவது லீக் பட்டம். பிறகு காயங்கள் அவரை வாட்டின. 1994-ல் லிவர்பூலை விட்டு விலகினார்.

பெற்றோரே, பள்ளி நாடகத்தில் சிறு வேஷமும், விளையாட்டில் பின்வரிசையும் கிடைத்த பிள்ளை முகம் வாடி வீடு திரும்பும்போது இந்தச் சரித்திரத்தைச் சொல்லுங்கள். பிறகு உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்:

1. நம் வீட்டில் ஓசையின்றி உழைப்பவர் யார்?
2. அவருக்குக் கடைசியாக நன்றி சொன்னது எப்போது?
3. நமக்குப் பிரியமான இடத்தை இன்னொருவருக்கு விட்டுக்கொடுக்க நேர்ந்தால், அதே மனதோடு உழைப்போமா?

இன்றிரவு உணவுக்கு உட்காரும்போது முதல் கேள்விக்காவது எல்லாரும் பதில் சொல்லட்டும்.